டிரெய்லருக்குப் பட்டை கட்டும் முன்: டிராயிங் போட வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாமக்கல், சங்ககிரி பக்கம் டிரெய்லர் கட்டும் பட்டறைகளுக்கு டிப்ளமா முடித்த கையோடு வரும் பையன்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். சஸ்பென்ஷன் எதற்கு? "வண்டி குலுங்காம இருக்க சார்" என்பார்கள். காருக்கு அது சரி. டிரெய்லரில் குலுங்குவதற்கு யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இரும்புச் சுருளும் சிமென்ட் மூட்டையும்தான். கனரக வண்டியில் சஸ்பென்ஷனின் முதல் வேலை எடையைப் பங்கு போடுவது. மூன்று ஆக்சில் இருந்தால் மூன்றும் ஒரே அளவு சுமக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கணக்கெல்லாம் தானாகப் புரியும்.

உதாரணத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். நாலு சக்கர ஆக்சில் ஒன்று மட்டும் ஓட்டும் சாதாரண இழுவை வண்டி, பின்னால் 40 அடி தட்டு டிரெய்லர், அதில் மூன்று ஆக்சில், ஒவ்வொன்றிலும் நாலு டயர், இரும்புப் பட்டை (அடுக்கடுக்காகக் கட்டிய லீஃப் ஸ்பிரிங்). நம் ரோட்டில் அதிகம் ஓடும் வகை இது.

முதலில் சட்டம் என்ன எடை தருகிறது என்று எழுதுங்கள்

2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடையைக் கூட்டியது. முன் ஆக்சிலுக்கு 6 டன் இருந்தது 7 ஆனது. நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் இருந்தது 11.5 ஆனது. மூன்று ஆக்சில் தொகுப்புக்கு 24 இருந்தது 27 ஆனது. கூட்டிப் பாருங்கள்: 7 + 11.5 + 27 = 45.5 டன். இதுதான் நம் வண்டியின் மொத்த எடை, சரக்கும் இரும்பும் எல்லாம் சேர்த்து.

"ஓனர் 60 டன் ஏத்துவாரு, அதுக்குத் தகுந்த மாதிரி போட்டுடுங்க" என்று யாராவது வந்து சொல்வார்கள். கேட்காதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிகச் சுமைக்கு அபராதமே 20,000 ரூபாய், மீறிய ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. அது ஓனர் பாடு. உங்கள் பாடு என்னவென்றால், 60 டன்னுக்குப் பட்டை போட்டால் ஆக்சில், ஹப், பிரேக், டயர், ஹேங்கர் (பட்டை முனையைத் தாங்க சேஸிஸில் வெல்டிங் வைத்த கால்) எதுவும் கூடவே பெரிதாகிவிடாது. பட்டை மட்டும் தாங்கும், மற்றதெல்லாம் பிய்ந்துபோகும்.

கிங்பின் எவ்வளவு சுமக்கிறது

இழுவை வண்டியின் சொந்த எடையைச் சுமார் 7 டன் என்று வையுங்கள். மீதி 38.5 டன் டிரெய்லரும் சரக்கும். அதில் 27 டன் பின்னால் மூன்று ஆக்சிலில் இறங்க வேண்டும், 11.5 டன் கிங்பின் (டிரெய்லரை இழுவை வண்டியோடு மாட்டும் முன் முளை) வழியாக இழுவை வண்டி மேல் இறங்க வேண்டும்.

இதற்குத் தராசுக் கணக்குப் போதும். கிங்பின்னிலிருந்து நடு ஆக்சிலுக்கு 7.7 மீட்டர் என்று வைப்போம். எடையின் மையம் கிங்பின்னிலிருந்து எங்கே இருக்க வேண்டும்? 27-ஐ 7.7-ஆல் பெருக்கி 38.5-ஆல் வகுத்தால் 5.4 மீட்டர். அந்த இடத்தில் சேஸிஸ் மேல் ஒரு பெயின்ட் கோடு போடச் சொல்லுங்கள். டிரைவருக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவி அதுதான்.

ஏனென்றால் அந்த மையம் வெறும் அரை மீட்டர் முன்னால் போனால், பின் ஆக்சில்களில் 24.5 டன்தான் இறங்கும், கிங்பின்னில் 14 டன். மொத்த எடை அதே 45.5தான், ஆனால் இழுவை வண்டியின் ஆக்சில் வரம்பை மீறிவிட்டது. கன்டெய்னர் ஏற்றினால் எடை நீளவாக்கில் பரவி நிற்கும், தப்பித்தோம். 20 டன், 25 டன் இரும்புச் சுருளை ஏற்றினால் அத்தனை எடையும் ஒன்றரை மீட்டர் நீளத்தில் உட்கார்ந்துவிடும். வண்டி எதை ஏற்றப் போகிறது என்று கேட்காமல் ஆக்சில் இடத்தை முடிவு செய்யாதீர்கள்.

பட்டை எத்தனை, எவ்வளவு தடிப்பு

இப்போது ஒரு ஆக்சிலுக்கு 9 டன். ஆனால் அத்தனையும் பட்டை மேல் இல்லை. ஆக்சில், டிரம், ஹப், நாலு சக்கரம் எல்லாம் பட்டைக்குக் கீழே இருக்கின்றன, அவை நேராக ரோட்டில் உட்கார்ந்திருக்கின்றன. சுமார் 800 கிலோ கழித்தால் 8,200. இரண்டு பக்கம் பட்டை, ஆகவே ஒரு பட்டைக்கு 4,100 கிலோ. புதியவர்கள் இந்தக் கழித்தலை அடிக்கடி மறக்கிறார்கள்.

90 மிமீ அகலம், 13 மிமீ தடிப்பு, பத்துப் பட்டை, யூ போல்ட் (கட்டை ஆக்சிலோடு சேர்த்து இறுக்கும் U வடிவ போல்ட்) பிடிக்கும் பகுதியைத் தள்ளி வேலை செய்யும் நீளம் 850 மிமீ என்று ஒரு கட்டு எடுத்துக்கொள்வோம். விறைப்புக்கான கணக்கு இது: மூன்றில் எட்டு பங்கு (8/3) × இரும்பின் நெகிழ்வு எண் 21,000 × பட்டை எண்ணிக்கை × அகலம் × தடிப்பின் கனம், இதை நீளத்தின் கனத்தால் வகுக்க வேண்டும். கனம் என்றால் மூன்று முறை பெருக்கியது. நம் கட்டுக்கு மிமீக்கு 180 கிலோ வருகிறது. அதாவது 4,100 கிலோ உட்கார்ந்தால் கட்டு சுமார் 23 மிமீ அமுங்கும்.

அடுத்து தகைவு, அதாவது பட்டையின் ஒவ்வொரு சதுர மிமீயிலும் வரும் இழுப்பு. மூன்று × எடை × நீளம், கீழே இரண்டு × எண்ணிக்கை × அகலம் × தடிப்பின் வர்க்கம். சதுர மிமீக்கு 34 கிலோ சொச்சம் வரும். இது வண்டி நிற்கும்போது. பள்ளத்தில் விழும்போது இரண்டு, இரண்டரை மடங்கு வரும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டரை மடங்கு என்றால் 86. பட்டைக்கு வழக்கமாகப் போடும் எஸ்யூபி 9 எஃகு, நன்றாகப் பதம் ஏற்றியிருந்தால், 110 வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். சரி, இந்தக் கட்டு போதும்.

இதே எஃகு உடைந்த பிறகு கொல்லர் பட்டறைக்குப் போய் அரிவாளாகிறது. லாரிப் பட்டை அரிவாள் என்றால் நம் ஊரில் தனி மரியாதை உண்டு, காரணம் அந்தப் பதம்தான்.

அமுங்கும் அளவிலிருந்து இன்னொன்றும் கிடைக்கும். 5-ஐ, சென்டிமீட்டரில் அமுங்கும் அளவின் வர்க்கமூலத்தால் வகுத்தால், வண்டி ஒரு நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று வரும். 2.3 செமீக்கு நொடிக்கு 3.3 முறை. அதே வண்டி காலியாக வரும்போது ஒரு பட்டை மேல் 500 கிலோதான் இருக்கும், 3 மிமீகூட அமுங்காது, ஆட்டம் நொடிக்கு ஒன்பதைத் தாண்டும். காலி டிரெய்லர் ஸ்பீடு பிரேக்கரில் தடதடவென்று குதிப்பதும், பிரேக் அடித்தால் டயர் தரையில் நிற்காமல் இழுபடுவதும் இதனால்தான்.

"இன்னும் ஒரு பட்டை சேர்த்துடு"

இந்தத் தொழிலில் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். ஒன்று உடைந்தால் இரண்டு போடு, வண்டி இறங்கினால் ஒன்று சேர். அதே தடிப்பில் ஒன்று சேர்த்தால் விறைப்பு பத்து சதவீதம் கூடும், காலி வண்டி இன்னும் குதிக்கும். பெரிய கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் இல்லை.

கெடுதல் எங்கே வருகிறது என்றால், 13 மிமீ இல்லை, 16 மிமீ இருக்கிறது, அதைச் செருகிவிடலாம் என்னும்போது. விறைப்பு தடிப்பின் கனத்தைப் பொறுத்தது. 16 மிமீ பட்டை ஒன்று, 13 மிமீ பட்டை கிட்டத்தட்ட இரண்டுக்குச் சமம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே கட்டில் எல்லாப் பட்டையும் ஒரே அளவு வளைந்தாக வேண்டும். ஒரே வளைவுக்குத் தடித்த பட்டையில் தகைவு அதிகம், 16-ஐ 13-ஆல் வகுத்தால் வரும் 23 சதவீதம் அதிகம். ஆகவே உறுதிக்காகப் போட்ட அந்தத் தடித்த பட்டைதான் முதலில் உடையும். பலமுறை பார்த்திருக்கிறேன். "தடியா போட்டும் உடைஞ்சிருச்சே, மட்டமான இரும்பு" என்று இரும்பைத் திட்டுவார்கள்.

இன்னொன்று, வண்டி ஒப்புதல் வாங்கும்போது எந்தப் பட்டையைக் காட்டினீர்களோ அதுதான் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

பேராபாலிக் பட்டை பற்றி ஒரு வரி: நடுவில் தடித்து முனையில் மெலிந்து, இரண்டு மூன்று பட்டையிலேயே வேலை முடியும், எடை குறைவு. ஆனால் பட்டைகள் ஒன்றோடொன்று உரசாததால் ஆட்டத்தை அடக்க உராய்வு இருக்காது, ஷாக் அப்சார்பர் கட்டாயம். பத்துப் பட்டைக் கட்டில் ஒன்று உடைந்தால் ஊர் வந்து சேரலாம், இரண்டு பட்டைக் கட்டில் ஒன்று உடைந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

ராக்கர்: பங்கு போடும் ஆள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஒரு பக்கத்தில் நாலு ஹேங்கர். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் நிலையானவை. நடுவில் இரண்டு, அவற்றில் தராசுக் கோல் மாதிரி ஆடும் ராக்கர். முதல் பட்டையின் பின்முனை ராக்கரின் ஒரு கையில், இரண்டாவது பட்டையின் முன்முனை மறு கையில். இரண்டு கையும் ஒரே நீளம் என்பதால் இரண்டு முனையிலும் ஒரே எடை. ஆக்சில் பட்டையின் சரி நடுவில் இருப்பதால் ஒரு பட்டையின் இரண்டு முனையிலும் ஒரே எடை. இப்படியே சங்கிலியாகப் போனால் மூன்று ஆக்சிலுக்கும் ஒரே எடை. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் ராக்கர் சாய்ந்து பக்கத்துப் பட்டையை அழுத்தும், பங்கு மாறாது.

நம் வண்டியில் முன், பின் ஹேங்கருக்கு 2,050 கிலோ, நடு ஹேங்கர் ஒவ்வொன்றுக்கும் 4,100. நாலு ஹேங்கரும் வெளியே பார்க்க ஒன்று போல இருப்பதால் நாலுக்கும் ஒரே வெல்டிங் போடுவார்கள். நடு ஹேங்கர் இரண்டு மடங்கு சுமக்கிறது என்பதை டிராயிங்கில் காட்டுங்கள்.

ராக்கர் ஆடும் அச்சைச் சுற்றியிருக்கும் புஷ் துரு பிடித்து இறுகிவிட்டால் என்ன ஆகும்? ஒரு கணக்கு. இழுவை வண்டி சற்று உயரமானது, டிரெய்லரின் மூக்கு 50 மிமீ தூக்கி நிற்கிறது என்று வையுங்கள். ஆக்சிலுக்கு ஆக்சில் 1,360 மிமீ, முதல் ஆக்சிலுக்கும் கடைசிக்கும் 2,720. அந்தத் தூரத்தில் உயர வித்தியாசம் சுமார் 18 மிமீ. ராக்கர் ஆடினால் இதை விழுங்கிவிடும். ஆடாவிட்டால் கடைசிப் பட்டை 9 மிமீ கூடுதலாக அமுங்கும், முதல் பட்டை 9 மிமீ குறைவாக. மிமீக்கு 180 கிலோ, ஒரு ஆக்சிலுக்கு இரண்டு பட்டை. கடைசி ஆக்சில் 12 டன்னுக்கு மேல், முதல் ஆக்சில் 6 டன்னுக்குக் கீழ். எடை மேடையில் மொத்தம் 27 என்று அழகாக வரும், யாருக்கும் தெரியாது.

ரோட்டுக்குத் தெரியும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் ஒட்டாவா அருகே 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட விட்டு ஒரு பெரிய சோதனை செய்தார்கள். ஆக்சில் எடையின் நாலாம் மடிக்கு ஏற்பச் சாலை கெடுகிறது என்ற கணக்கு அதிலிருந்து வந்தது. 9 டன்னுக்குப் பதில் 12 டன் இறங்கினால் அந்த ஆக்சில் செய்யும் சேதம் மூன்று மடங்குக்கு மேல். டயரும் பிரேக் லைனிங்கும் அதே கதைதான். ஆகவே ராக்கர் புஷ்ஷுக்கு கிரீஸ் நிப்பிள் கை எட்டும் இடத்தில் வையுங்கள். எட்டாத நிப்பிளுக்கு யாரும் கிரீஸ் அடிக்க மாட்டார்கள்.

ஹேங்கர் வெல்டிங்கில் இரண்டு விஷயம். மூன்று ஆக்சில் வண்டி குறுகலாகத் திரும்பும்போது டயர்கள் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டு போகும், அந்த விசை முழுக்க ஹேங்கரின் கீழ் முனையைப் பக்கவாட்டில் இழுக்கும். இடது வலது ஹேங்கர்களை இணைத்து ஒரு குறுக்குக் குழாய், ஹேங்கருக்கு நேர் மேலே சேஸிஸில் குறுக்குச் சட்டம், இரண்டும் வேண்டும். இரண்டாவது, மெயின் பீமின் கீழ்த் தகட்டில் குறுக்காக, விளிம்பு வரை வெல்டிங் இழுக்காதீர்கள். நீளவாக்கில் போட்டு, முனையைச் சுற்றி முடியுங்கள். சேஸிஸ் விரிசல்கள் பலவும் அந்தக் குறுக்கு வெல்டிங்கில்தான் பிறக்கின்றன. வெல்டிங் பொறி பட்டை மேல் விழாமல் ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். ஒரு பொறி ஒட்டிய இடத்தில் எஃகின் பதம் போய்விடும், பின்னாளில் அந்தப் புள்ளியில் பட்டை உடையும்.

டார்க் ராடும் நூல் பிடித்தலும்

பட்டையின் முனைகள் ஹேங்கருக்குள் வழுக்கி ஓடுபவை, ஆக்சிலை முன்னும் பின்னும் பிடிப்பது டார்க் ராடு. ஒரு பக்கம் நிலையான நீளம், மறு பக்கம் திருகி நீட்டிக் குறைக்கும் வகை. சரக்கு ஏற்றிய நிலையில் ராடு கிடைமட்டமாக இருக்கும்படி வரையுங்கள். சாய்வாக இருந்தால் பட்டை அமுங்க அமுங்க ஆக்சில் முன்னும் பின்னும் நகரும். ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால் ஆக்சில் திரும்பிவிடும், வண்டி தானாக ஸ்டியரிங் பிடிக்கும்.

எல்லாம் பூட்டிய பிறகு அளக்க வேண்டும். சமதரை, காலி வண்டி, பிரேக் விட்ட நிலை. முதலில் வண்டியைச் சற்று முன்னும் பின்னும் இழுத்து விடுங்கள், புஷ்களில் இருக்கும் முறுக்கு தளரட்டும். கிங்பின்னிலிருந்து முதல் ஆக்சிலின் இரண்டு முனைக்கும் டேப் பிடியுங்கள். வித்தியாசம் 3 மிமீக்குள் இருக்க வேண்டும். பிறகு முதல் ஆக்சிலிலிருந்து இரண்டாவது, மூன்றாவது, ஒவ்வொன்றும் 1.5 மிமீக்குள். டேப்பை இரண்டு பக்கமும் ஒரே ஆள் ஒரே இழுப்பில் பிடிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தால் அந்த 3 மிமீ டேப்பிலேயே போய்விடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வண்டி திரும்பி வந்தது. கடைசி ஆக்சில் டயர் மட்டும் சீக்கிரம் தேய்கிறது என்று ஓனர் கொதித்துக்கொண்டிருந்தார். எங்கள் மேஸ்திரி பேசவே இல்லை, டயர் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை டிரெட் மேல் குறுக்காகத் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். வெளியே தடவினால் வழுவழு, உள்ளே தடவினால் ரம்பம். டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அளந்தோம். ஒரு பக்க ஹேங்கர் 5 மிமீ தள்ளி வெல்டிங் ஆகியிருந்தது. இரண்டு பட்டைக்கும் நடுவே ஒரு மீட்டர் என்றால், ஒரு மீட்டருக்கு 5 மிமீ கோணல். வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது அந்த டயர் 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. சென்னைக்குப் போய் வந்தால் கணக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். அந்த ஹேங்கருக்குக் குறி போட்டவன் நான்தான்.

யூ போல்ட்

பட்டைகளின் நடு ஓட்டை வழியாகப் போகும் சென்டர் போல்ட்தான் அவற்றைப் பிடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது இடம் காட்டுவது மட்டும்தான். பிடிப்பது யூ போல்ட். அது தளர்ந்தால் ஆக்சிலின் முழு இழுப்பும் சென்டர் போல்ட் மேல் வரும், அது அறுந்துபோகும், ஆக்சில் பின்னால் நழுவும்.

உடைந்த பட்டையைப் பார்த்தே காரணம் சொல்லலாம். சென்டர் போல்ட் ஓட்டை வழியாக உடைந்திருந்தால் யூ போல்ட் தளர்வு. யூ போல்ட் பிடிக்கு வெளியே, பிடி முடியும் இடத்தில் உடைந்திருந்தால் அதிகச் சுமை. யூ போல்ட்டைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் பொடி கசிந்திருந்தால் உள்ளே பட்டை ஆடுகிறது, இன்னும் உடையவில்லை, உடையப் போகிறது.

பட்டை மாற்றும்போது யூ போல்ட்டையும் நட்டையும் புதிதாகப் போடுங்கள். ஒரு முறை முழு இழுப்பில் இறுக்கிய யூ போல்ட் நீண்டுவிட்டது, மறுமுறை அதே பிடி கிடைக்காது. நாலு நட்டையும் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, டார்க் ரெஞ்சு வைத்து ஆக்சில் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். குழாய் போட்டு மிதிக்கும் பழக்கத்தில் ஒரு நட்டு அதிகம், ஒரு நட்டு குறைவு என்றுதான் முடியும்.

ஏர் சஸ்பென்ஷன் கேட்டால்

சில ஓனர்கள் கேட்கிறார்கள். நல்லதுதான். காற்றுப் பையின் அழுத்தம் சுமைக்குத் தகுந்தபடி மாறுவதால் காலி வண்டிக்கும் ஏற்றிய வண்டிக்கும் ஆட்டம் கிட்டத்தட்ட ஒன்றே. ஐரோப்பாவில் ஏர் சஸ்பென்ஷனுக்குச் சமம் என்று ஏற்க வேண்டுமானால் ஆட்டம் நொடிக்கு 2 முறைக்கு மேல் போகக்கூடாது, அடக்கும் திறன் 20 சதவீதத்துக்கு மேல் வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். நாம் மேலே போட்ட இரும்புக் கட்டு 3.3-இல் நிற்கிறது, அந்தத் தேர்வில் அது தேறாது. பங்கு போடுவதும் இங்கே எளிது: ஒரே காற்றுக் குழாயில் எல்லாப் பையும் இணைந்திருந்தால் எல்லாவற்றிலும் ஒரே அழுத்தம், ராக்கரே வேண்டாம்.

ஆனால் உயரம் காட்டும் வால்வின் சின்னக் கம்பி வளைந்தாலே வண்டி சாய்ந்து நிற்கும். ஷாக் அப்சார்பர் போனால் பை கிழியும். கிரஷர், குவாரி, மண் பாதையில் ஓடும் வண்டிக்கு நான் இரும்புப் பட்டைதான் சொல்வேன். நாற்கரச் சாலையில் மட்டும் ஓடி, கண்ணாடி, எலக்ட்ரானிக்ஸ் போன்ற சரக்கு ஏற்றுபவருக்கு ஏர். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் தன் ஊர் மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும், ஏனென்றால் நள்ளிரவில் வந்து பார்க்கப் போகிறவர் அவர்தான்.

முதல் லோடு

டயருக்கு மேலே, டெக்குக்குக் கீழே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இரண்டரை மடங்கு எடையில் நம் கட்டு இன்னும் 34 மிமீ அமுங்கும், ராக்கர் ஆட்டத்தையும் சேர்த்து நான் 100 மிமீக்குக் குறைவாக விடுவதில்லை. பிறகு முழுச் சரக்கோடு எடை மேடைக்கு அனுப்புங்கள். மொத்தமாக நிறுத்தினால் போதாது. முதல் ஆக்சில் மட்டும், பிறகு முதல் இரண்டு, பிறகு மூன்றும் என்று ஏற்றி ஏற்றிக் கழித்துப் பாருங்கள். மேடையும் அணுகுபாதையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு பொய் சொல்லும். மூன்றும் 9 டன்னுக்குப் பக்கத்தில் வந்தால் ராக்கர் வேலை செய்கிறது.

அந்த முதல் லோடு இறக்கி 1,000 கிலோமீட்டருக்குள் வண்டியைத் திரும்ப வரச் சொல்லுங்கள். பட்டைகளுக்கு நடுவே இருந்த பெயின்டும் செதிலும் நசுங்கியிருக்கும், யூ போல்ட் கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். டார்க் ரெஞ்சு வைத்தால் நட்டு கால் சுற்று நகர்வதை டிரைவர் கண்ணால் பார்க்கட்டும். அடுத்த முறை அவரே கேட்டு வருவார்.